மாடி ஏறிய சிலுவை

இரண்டு விரல்கள் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரல்கடை தூரம் நகர்ந்தன. தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே, மேலும் கீழுமாக, சாக்குக்குள் கிடக்கும் பிளம் கொட்டையைச் சாக்குக்கு வெளியிலிருந்தே தேடுவதுபோலத் துழாவின. முதலில் கம்பிபோல இறுகிய ஒரு நார்ப்பட்டை அகப்பட்டது. அதன் வழியாகவே போனதும் ஓரிடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு தடிப்பு, ஒரு முடிச்சு. விரல்கள் ஒதுங்கிக்கொள்ள, கட்டைவிரல் அதன்மேல் ஏறி அழுத்தியது.

"யம்மாடீ!" என்றாள் மேசையில் குப்புறப் படுத்திருந்தவள். "நீ எங்கேயோ அமுக்குறே, கட்டைவிரல்ல போய்க் குத்துது."

"யாரு கட்டைவிரல்ல? உங்களுதா, என்னுதா?"

"உன்னுதுல குத்துனா நான் எதுக்குக் கத்துறேன்?"

"அப்போ சரியான இடம்தான்."

மேசை விளிம்பில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் ஊதாப் பென்சிலை இடது கை எடுத்தது. தோலில் எழுதுகிற மெழுகுப் பென்சில். குளிர்காலத்தில் அது சரியாக எழுதாது என்பதால் உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிக்கொண்டது. பிறகு நார் ஓடும் திசையில் ஒரு கோடு, அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. குறுக்குக்கோடு நீளமாக இருந்தால் முடிச்சு ஆழத்தில் இருக்கிறது, குட்டையாக இருந்தால் மேலோட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் குறுக்குக்கோடு நீளம்.

"ஆச்சுக்கா. சட்டையைப் போட்டுக்கிட்டு மேல போங்க. சிலுவையை அழிச்சுடாதீங்க."

"சிலுவையைச் சுமந்துக்கிட்டு முப்பத்தெட்டுப் படி ஏறணும். மேல போனா ஆணியும் தயாரா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கி, மருத்துவ நிலையத்தின் கம்பளிச் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள்.

சிலுவை போட்டவர் வெண்டெலீன் ஹோரக். வயது நாற்பத்தேழு. தெற்கு மொராவியாவில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறுநகரம் ஒன்றின் மருத்துவ நிலையத்தில் மசாஜ்காரர். சிலுவையைச் சுமந்துகொண்டு போனவள் ஃபிலோமேனா, செங்கல் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தின் சமையல்காரி. தினமும் மாவு பிசைந்து அறுபது பெரிய உருண்டைகள் உருட்டி, வேகவைத்து, நூலால் துண்டுதுண்டாக அறுத்துப் போடுகிறவள். மூன்று மாதமாக அவளால் கரண்டியைத் தூக்க முடியவில்லை. தோளிலிருந்து கட்டைவிரல் வரை ஒரே வலி. வலிப்பதெல்லாம் கையில், வலியின் வேர் மட்டும் முதுகில். அந்த வேரைத் தேடி எடுத்துச் சிலுவை போடுவது வெண்டெலீனின் வேலை. சிலுவை போட்ட இடத்தில் ஊசி குத்துவது மாடியில் இருக்கும் டாக்டர் மாலினோவாவின் வேலை.

வெண்டெலீனுக்குக் கண் தெரியாது. எட்டு வயதுவரை தெரிந்தது. உலகப்போர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. திராட்சை வரிசைகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு பித்தளைச் சாமான் கிடந்தது, அதை எடுத்தார். அவ்வளவுதான் அவர் சொல்வார். யாராவது மேற்கொண்டு துருவினால், "அன்னிக்கு வியாழக்கிழமை" என்பதோடு முடித்துக்கொள்வார். கண் இரண்டும் போய், விரல் பத்தும் தப்பியதை அவருடைய அம்மாதான் சாகும்வரை ஊராரிடம் விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பார்வையற்றோர் பள்ளியில் அவருக்கு முதலில் தூரிகை கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பன்றிமயிரைக் கற்றை கற்றையாக எண்ணிக் கம்பியில் திரிப்பது. ஆறு வருடம் செய்தார். பிறகு மசாஜ் படிப்பு. பிசைவது, உருவுவது, தட்டுவது, நடுக்குவது எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். முடிச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை அவர் சர்க்கரை ஆலையின் மருத்துவ அறையில் தானாகவே கண்டுபிடித்தார். மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகைப் பிசையும்போது, ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடத்தில் வலிக்கிறது என்று எல்லோரும் ஒரேமாதிரி சொன்னார்கள். கழுத்துப் பக்கவாட்டில் அழுத்தினால் கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். புட்டத்தில் அழுத்தினால் கணுக்காலில் இழுக்கும். ஆளுக்கு ஆள் பெயர் மாறியது, இடம் மாறவில்லை. பழைய நாட்காட்டித் தாள்களின் முதுகில், எங்கே அமுக்கினால் எங்கே வலிக்கும் என்று பிரெய்லில் குத்திவைக்கத் தொடங்கினார். இருபது வருடத்தில் ஒரு பூட்ஸ் பெட்டி நிறைந்து இரண்டாவது பெட்டி ஆரம்பமாகியிருந்தது.

அந்தப் பெட்டியைப் பொருட்படுத்திய முதல் ஆள் டாக்டர் ஷிமான். மருத்துவ நிலையத்தின் பழைய கட்டடத்தில் இருவருக்கும் ஒரே அறை, நடுவில் ஒரு திரை. முடிச்சு அகப்பட்டதும் வெண்டெலீன் அதை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துவைத்துக்கொண்டு, "பிடிச்சாச்சு டாக்டர்" என்பார். ஷிமான் திரையை விலக்கிக்கொண்டு ஊசியோடு வந்து, அந்த இரண்டு விரலுக்கு நடுவே குத்துவார். கொஞ்சம் மரப்பு மருந்து. சில நாள் மருந்துகூடக் கிடையாது, வெறும் ஊசிதான். முனை முடிச்சில் பட்டதும் தசை மீன் மாதிரி ஒரு தரம் துள்ளும். அந்தத் துள்ளல் வெண்டெலீனின் விரலுக்குத் தெரியும். அதன்பின் கம்பி தளரும். பதினோரு வருடம் இப்படி ஓடியது.

இந்த வசந்தத்தில் புதுக் கட்டடம் வந்தது. மசாஜும் நீர்த்தொட்டிகளும் தரைத்தளத்தில், டாக்டர் இரண்டாவது மாடியில். ஷிமான் ஓய்வுபெற்றுத் தன் தேனீக்களோடு உட்கார்ந்துவிட்டார். அவர் இடத்துக்கு அறுவைப் பிரிவிலிருந்து வந்தவர் மாலினோவா. ஐம்பது வயது, நேரம் தவறாதவர், ஒரு வேலையை இரண்டு தரம் செய்யவைத்தால் பிடிக்காது. மாடிக்கும் கீழுக்குமாக அலைய முடியாது, இடத்தைக் குறித்து அனுப்புங்கள், நான் குத்திக்கொள்கிறேன் என்றார். அதில் தப்புச் சொல்ல எதுவுமில்லை. சிலுவை அப்படித்தான் பிறந்தது.

இடுப்புக்காரர்கள் நன்றாகிப் போனார்கள். புட்டத்தில் ஊசி வாங்கியவர்கள் சைக்கிளில் வந்து நன்றி சொல்லி, வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயத்தை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்கள். தோள்பட்டைக்காரர்கள் மட்டும் வலியோடு திரும்பி வந்தார்கள். எட்டுப் பேர் ஆகிவிட்டது. ஃபிலோமேனா ஒன்பதாவது.

அவள் மாடி ஏறிய அந்தத் திங்கட்கிழமை, கால்மணி நேரம் கழித்து டாக்டரே கீழே இறங்கி வந்தார். கதவைச் சாத்திய விதத்திலேயே வெண்டெலீனுக்கு விஷயம் தெரிந்தது.

"ஹோரக் சார், அந்த இடத்துல முடிச்சுக்கு அடியில என்ன இருக்கணும்?"

"எலும்பு டாக்டரம்மா. தோள்பட்டை எலும்பு."

"ஊசி உள்ள போச்சு. எலும்பு தட்டவே இல்ல. கையால தடவிப் பாத்தேன். உங்க சிலுவை எலும்பை விட்டு வெளிய கிடக்கு. அதுக்கு அடியில என்ன இருக்கு?"

"விலா" என்றார் வெண்டெலீன். "அதுக்கு அடியில நுரையீரல்."

"நான் மெதுவா விடுறவ. அதனால அந்தம்மா தப்பிச்சாங்க. நானும் தப்பிச்சேன்."

"நான் எலும்பு மேலதான் போட்டேன்."

"என் கண்ணால..." என்று தொடங்கிய டாக்டர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் முடிச்சை நானே தேடிக்கிறேன். நீங்க நீர்த்தொட்டியைப் பாத்துக்குங்க."

நீர்த்தொட்டி என்றால் பத்துத் தொட்டிகள். குழாயைத் திறப்பது, சூடு பார்ப்பது, மணி அடித்ததும் ஆளை எழுப்பிவிடுவது. யாருடைய முதுகையும் தொடவேண்டியதில்லை.

சாயங்காலம் வீட்டில் ஆபோலேனாவிடம் சொன்னார். ஆபோலேனா அவர் மனைவி, தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்பு கொடுப்பவள். அவளுக்கும் பார்வை அரைகுறைதான். ஊரில் யாருக்கு யாரோடு சண்டை என்பது அவளுக்குத் தெரியும், அதில் ஒன்றைக்கூட வெளியே சொன்னதில்லை.

"உன் விரல் தப்புப் பண்ணுமா?" என்று கேட்டாள்.

"தெரியல. படு, பாக்கலாம்."

"கல்யாணமாகி இருபது வருஷத்துல இவ்வளவு அவசரமா நீ என்னைக் கூப்பிட்டதே இல்ல" என்றபடி சமையலறை பெஞ்சில் குப்புறப் படுத்தாள்.

தோள்பட்டை எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி அவர் ஒரு சின்னப் பிளாஸ்திரித் துண்டை ஒட்டினார். கையைக் கழுவிவிட்டு வந்து, புது ஆளைத் தொடுவதுபோல மறுபடியும் அளந்தார். பிளாஸ்திரி எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே என்று பன்னிரண்டு தரம் ஒட்டினார். பன்னிரண்டும் சரி.

"தப்பு இல்ல" என்றார்.

"அப்போ நான் எழுந்து உருளைக்கிழங்கை இறக்கலாமா? கருகுற வாசனை உனக்கு வருதா வரலையா?"

வாசனை அவருக்கு வந்துகொண்டுதான் இருந்தது. தன் விரல் தப்பில்லை என்று ஆனபிறகு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. விரல் சரியாக இருந்து ஒன்பது பேருக்கு வலி போகவில்லை என்றால், எதைத் திருத்துவது என்றே தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஃபிலோமேனா திரும்ப வந்தாள். கையில் துணி மூடிய கூடை. அதைக் கீழே முக்காலியில் வைத்துவிட்டு, முனகிக்கொண்டே மேசையில் ஏறிப் படுத்தாள்.

"கசகசா பன் கொண்டாந்திருக்கேன் தம்பி. இடது கையால உருட்டுனது. ஒண்ணு பூசணிக்காய் மாதிரி, ஒண்ணு கோலிக்குண்டு மாதிரி இருக்கும். எங்க கூடத்து ஆளுங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ஃபிலோமேனா மாவுருண்டையைத் தூக்கி எறிஞ்சா செங்கல் உடையும்னு ஏற்கனவே பேரு. இப்போ அதைத் தூக்கக்கூட ஆள் இல்லையாம்."

"வலி?"

"இருக்கு. வீட்டு ஆள் மாதிரி ஆயிடுச்சு. காலையில எனக்கு முன்னாடி எழுந்துக்குது."

வெண்டெலீனின் விரல் முதலில் முடிச்சைத் தேடவில்லை. ஊசி குத்திய இடத்தைத் தேடியது. திங்கட்கிழமை குத்தியது, கடுகைவிடச் சின்னதாகப் பொருக்கு தட்டியிருந்தது. அகப்பட்டது. விரல் நுனியை அதன்மேல் வைத்து அழுத்தினார். நேர் கீழே முடிச்சு. பட்டாணி அப்படியே இருந்தது, கம்பி அப்படியே இருந்தது. அதற்கும் அடியில் எலும்பு, கெட்டியாக.

ஆக டாக்டர் சிலுவையின் நடுவில்தான் குத்தியிருக்கிறார். சிலுவையும் முடிச்சின் மேல்தான் இருக்கிறது. இருவரும் சரி. ஆனாலும் ஊசி முடிச்சைத் தொடவில்லை. அவர் விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்னப்பா பேச்சையே காணோம்?" என்றாள் ஃபிலோமேனா. "தூங்கிட்டியா? இரு, ஒரு பன்னு எடுத்துத் தர்றேன். வெறும் வயித்துல உனக்கு விரல் ஓடாது."

குப்புறப் படுத்தபடியே வலது கையை மேசைக்கு முன்னால் நீட்டி, கீழே இருந்த கூடையைத் துழாவினாள். வெண்டெலீனின் விரலுக்கு அடியில் என்னவோ வழுக்கியது. பொருக்கு விரல்நுனியிலேயே இருந்தது. பட்டாணி இல்லை. கெட்டியான எலும்பும் இல்லை. மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிற ஒரு விலா இருந்தது.

"அப்படியே இருங்க" என்றார்.

"எப்படியே?"

"கையை அசைக்காதீங்க."

"தம்பி, பன்னு வேணுமா வேணாமா? கை மரத்துப் போகுது."

"கையைத் திரும்ப இங்க கொண்டாங்க. மெதுவா."

கை திரும்பி உடம்போடு ஒட்டியதும், தோலுக்கடியில் எலும்பு நழுவி வந்து பழைய இடத்தில் நின்றது. பட்டாணி விரலுக்கடியில் வந்து சேர்ந்தது. அவர் அவளை மறுபடியும் கையை நீட்டச் சொன்னார். போனது. மடக்கச் சொன்னார். வந்தது. நான்காவது தரம் ஃபிலோமேனா, "நான் என்ன பம்புசெட்டா?" என்றாள்.

"மாடியில டாக்டரம்மா உங்களைப் படுக்க வச்சாங்களா, உட்கார வச்சாங்களா?"

"உட்கார வச்சாங்க. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, குதிரை மேல ஏறுற மாதிரி. முதுகுப் பலகையை ரெண்டு கையாலயும் நல்லாக் கட்டிக்கணுமாம். என் புருஷனைக்கூட நான் அப்படிக் கட்டினதில்ல."

"இடுப்புக்காரங்களை?"

"எனக்கு எப்படித் தெரியும்? பின்பக்கத்துல குத்துறதுன்னா படுத்துத்தானே ஆகணும்."

வெண்டெலீன் முக்காலியில் உட்கார்ந்தார். அதில் இருந்த கூடையை ஃபிலோமேனா கடைசி நேரத்தில் இழுத்துக் காப்பாற்றினாள். பதினோரு வருடம் அவர் விரல் தசையைப் பிடித்துவைத்திருந்தது. விரல் இருக்கிற இடத்தில் ஊசி வந்தது. புதுக் கட்டடத்தில் அவர் தோலில் எழுதினார், தசையில் எழுதியதாக நம்பினார். மேசையில் படுத்திருப்பவளின் முதுகு வேறு, நாற்காலியைக் கட்டிக்கொண்டிருப்பவளின் முதுகு வேறு. அங்கே எலும்பும் சதையும் இரண்டு விரல்கடை வெளியே போய்விடும், சிலுவை மட்டும் விட்ட இடத்திலேயே நின்று ஊசியைக் கூப்பிடும். ஆபோலேனாவைப் பன்னிரண்டு தரம் சோதித்தபோதும் அவள் படுத்தேதான் இருந்தாள். ஒன்பது பேருடைய நுரையீரலுக்கு மேலே அவர் அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார்.

பிறகு கதவைத் திறந்து நர்ஸைக் கூப்பிட்டார். "ஹெட்விகா, முதுகுப் பலகை வச்ச நாற்காலி ஒண்ணு வேணும். மாடியில டாக்டரம்மா ரூம்ல இருக்கே, அதே மாதிரி."

"ஓஹோ, இனி உட்கார்ந்துதான் வேலையா? நீர்த்தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே பெரிய மனுஷன் ஆயிட்டீங்க" என்றாள் ஹெட்விகா. ஆனாலும் காத்திருப்போர் வரிசையிலிருந்து ஒருவரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

ஃபிலோமேனா குதிரை ஏறினாள். பலகையைக் கட்டிக்கொண்டாள். வெண்டெலீன் எலும்பின் விளிம்பை முதலிலிருந்து தேடினார். விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை. கம்பி. பட்டாணி. அழுத்தியதும் கட்டைவிரலுக்கு வசவு விழுந்தது. பென்சிலைச் சூடாக்கிச் சிலுவை போட்டார். பழைய பொருக்குக்கும் புதுச் சிலுவைக்கும் நடுவே விரலை வைத்து அளந்தார். இரண்டு விரல்கடைக்கு ஒரு நூல் கூடவே இருந்தது.

"சட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாங்க. நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"இந்தத் தரம் சிலுவையைத் தனியா அனுப்புறதா இல்ல."

முப்பத்தெட்டுப் படி. அவள் கம்பளிச் செருப்பு சரசரத்துக்கொண்டு முன்னால் போக, அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டு பின்னால் ஏறினார். மாடி அறையில் காப்பி வாசனையும் மருந்து வாசனையும் கலந்திருந்தன. புதுக் கட்டடத்தில் அவர் இந்த அறைக்கு வருவது இதுதான் முதல் தரம்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே ஹோரக் சார்" என்றார் டாக்டர். பிறகு ஃபிலோமேனாவின் முதுகைப் பார்த்தார். "ரெண்டு சிலுவை இருக்கு. எதுல குத்தணும்?"

"ஒண்ணு மேசைக்கு, ஒண்ணு நாற்காலிக்கு. மங்கலா இருக்கிற பழைய சிலுவை மேல உங்க விரலை வைங்க டாக்டரம்மா. அக்கா, நாற்காலியைக் கட்டிக்காம, நேரா உட்கார்ந்து கையைத் தொங்க விடுங்க."

டாக்டர் விரலை வைத்தார்.

"அடியில என்ன?"

"எலும்பு."

"இப்போ கட்டிக்குங்கக்கா."

டாக்டரின் விரல் ஒரு தரம் அழுத்திப் பார்த்தது. "விலா."

"இன்னொரு தரம்" என்றார் டாக்டர். ஃபிலோமேனா கையைத் தொங்கவிட்டாள், கட்டிக்கொண்டாள். டாக்டர் மூன்றாவது தரமும் கேட்டார். அதற்குப்பின் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அந்த ஒன்பது பேரும்?"

"அதே தப்புத்தான். நான் தோல்ல எழுதிட்டு, சதையில எழுதினதா நினைச்சேன்."

"உட்கார வச்சது நான். அதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணல."

"நானும் கேக்கல."

"கீழ ஒரு நாற்காலி போடச் சொல்றேன், இனிமே அதுல உட்கார வச்சே குறிங்க. அவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்." டாக்டர் எழுந்து கையைக் கழுவினார். மருந்துக் குப்பியின் கழுத்து உடைவது கேட்டது. "பிடிச்சுக் குடுங்க."

வெண்டெலீன் ஃபிலோமேனாவின் முதுகில் கையை வைத்தார். சிலுவையை அவர் நம்பவில்லை. எலும்பின் விளிம்பு, ஒரு விரல்கடை, கம்பி, பட்டாணி. இரண்டு விரலுக்கு நடுவே முடிச்சைக் கெட்டியாக நிறுத்தினார்.

"பிடிச்சாச்சு டாக்டரம்மா. உங்க விரலைக் குடுங்க."

டாக்டரின் ஆள்காட்டி விரலை இடது கையால் வாங்கி, தன் விரல்களுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார். அது முதலில் எதையும் உணராமல் தடுமாறியது. நாருக்குக் குறுக்கே அதை லேசாகத் தள்ளிவிட்டார். அந்த விரல் நின்றது. திரும்பி வந்தது. அழுத்தியது.

"ஐயோ, கட்டைவிரல்!" என்று அலறினாள் ஃபிலோமேனா.

"இருக்கு" என்றார் டாக்டர். "பிடிச்சுக்கிட்டேன். விடுங்க."

வெண்டெலீன் விரல்களை எடுத்துக்கொண்டார்.